உச்சியில் இரண்டு போல்ட்டுகள்

போன வாரம் காலை நடையில், காந்தி சிலைக்குக் கொஞ்சம் தள்ளி, பழைய நண்பர் ஒருவர் பிடித்துக்கொண்டார். "உன் பேத்தி இன்னும் கயிற்றில் தொங்கிக்கிட்டுதான் இருக்காளா?" என்றார். நடந்துகொண்டே சொல்லி முடிக்கிற கதை இல்லை அது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நம் ஊரில் பல குடும்பங்களைப் போல என் மகனும் பிரான்சில் குடியேறியவன். அவன் மகள் பாறை ஏறுகிறவள். 2019 ஜனவரியில் தோழிகளோடு தாய்லாந்தின் கிராபி பகுதிக்குப் போயிருந்தாள். "தாத்தா, சென்னையிலிருந்து பாங்காக் கிட்டதான். பாட்டியையும் கூட்டிக்கிட்டு வாங்க" என்று போன் செய்தாள். ஓய்வூதியக்காரனுக்கு வேறு என்ன வேலை? கிளம்பிவிட்டோம்.

கிராபியில் ரைலே என்று ஓர் இடம். அது தீவு அல்ல. ஆனாலும் சாலை வழியாகப் போக முடியாது. செங்குத்தான சுண்ணாம்புப் பாறைகள் நிலப்பக்கத்தை அடைத்து நிற்கின்றன. ஆவ் நாங் கடற்கரையில் நீண்ட வால் போன்ற மோட்டார் வைத்த மரப்படகில் ஏறி, மறுகரையில் முழங்கால் தண்ணீரில் இறங்கி நடக்க வேண்டும். என் மனைவி ஒரு கையில் செருப்பும் ஒரு கையில் என் தோளுமாக இறங்கினாள்.

நிமிர்ந்து பார்த்தால் மலைப்பாக இருந்தது. சாம்பலும் செம்மஞ்சளும் கலந்த பாறைச் சுவர்கள், கடலிலிருந்தும் மணலிலிருந்தும் நேராக எழுந்து நிற்கின்றன. குகைக்குள் பார்க்கிற சுண்ணாம்பு விழுதுகள் அங்கே வெளிப்புறத்திலேயே ஆலம் விழுது மாதிரித் தொங்குகின்றன. மழை நீர் சுண்ணாம்பைக் கரைத்துக் கொண்டுவந்து சொட்டுச் சொட்டாக விட்டுப்போனது அது. அடியில் கடல் அரித்து உள்வாங்கியிருப்பதால், மேற்பகுதி குடை போல முன்னால் சாய்ந்திருக்கிறது. இப்படி வெளியே சாய்ந்த பாறையைப் பிரெஞ்சில் 'தெவேர்' என்பார்கள். அடியில் நிற்கிறவன் தலையில் மழை விழாது. இந்த மழை விழாத விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

என் பேத்தி ஏற நினைத்த வழி மொத்தம் 15 மீட்டர் இருக்கும். நாலு மாடி வீட்டு உயரம். இதற்காகவா விமானம் ஏறி வந்தாய் என்று கேட்கத் தோன்றியது. ஆனால் அந்த 15 மீட்டரும் நம்மை நோக்கிச் சாய்ந்திருந்தது. நேர்ச்சுவரில் கால் உடம்பைத் தாங்கும். சாய்ந்த சுவரில் கை தாங்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் முன்கை கல் மாதிரி இறுகி, விரல் தானாகத் திறந்துகொள்ளுமாம்.

பாறையில் ஏறத்தாழ இரண்டு மீட்டருக்கு ஒன்றாக போல்ட்டுகள் பதித்திருந்தார்கள். ஏறுகிறவள் அவற்றைப் பிடித்து ஏறக்கூடாது. கையும் காலும் பாறையில்தான். போல்ட்டு, விழுந்தால் காப்பாற்ற மட்டும். ஒவ்வொன்றையும் எட்டியதும் ஒரு பட்டையின் இரு முனையிலும் உள்ள கொக்கிகளில் ஒன்றை அதில் மாட்டி, மற்றதில் தன் இடுப்புக் கயிற்றைப் போட்டுக்கொண்டு மேலே போவாள். கீழே நிற்கும் தோழி கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருப்பாள். இப்படிப் பிடிப்பதற்குப் பிரெஞ்சில் 'அசுரான்ஸ்' என்று பெயர். இன்சூரன்சுக்கும் அதே சொல்தான்! கொக்கிக்கு 'முஸ்குத்தோன்'. நான் பள்ளியில் அந்தச் சொல்லைக் குதிரைப்படைச் சிப்பாயின் குட்டைத் துப்பாக்கி என்று படித்தவன். துப்பாக்கியைத் தோள் பட்டையில் மாட்டுகிற கொக்கிக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டு, பிறகு பாறைக்கு வந்துவிட்டது.

பாதி ஏறியதும் மேலிருந்து "செக்! செக்!" என்று கத்தினாள். 'உலர்ந்தது' என்றல்லவா அர்த்தம்? பாறை காய்ந்திருக்கிறது என்று எதற்கு இப்படிக் கத்துகிறாள் என்று நான் விழித்தேன். கயிற்றை இறுக்கிப் பிடி என்பதற்கு அவர்கள் சொல்வது அதுதானாம். அடுத்த நொடி கை நழுவி விழுந்தாள். மூன்று மீட்டர் போல விழுந்து, பாறையை விட்டுத் தள்ளி அந்தரத்தில் ஊஞ்சலாடினாள். சாய்ந்த பாறையில் விழுவது ஒருவகையில் நல்லதாம், இடித்துக்கொள்ள எதுவும் இல்லை. என் மனைவி கண்ணை மூடி "முருகா" என்றாள். நான் கண்ணை மூடவில்லை. அவளைத் தாங்கிக்கொண்டிருந்த அந்த ஒரு போல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் பருமன்கூட இல்லை.

அன்று அவள் மூன்று முறை விழுந்தாள், மேலே போய்ச் சேரவில்லை. சாயங்காலம் கேட்டேன், "அந்த இடத்துக்கு மேலே என்னதான் இருக்கு?"

"ரெண்டு போல்ட் இருக்கு தாத்தா. அதுல கயித்தப் போட்டா முடிஞ்சது. அப்புறம் இறங்கிடணும்."

இது எனக்குப் புதிது. நான் பிரெஞ்சு வழியில் படித்த காலத்தில் எங்கள் ஆசிரியர் அன்னபூர்ணா கதை சொல்லுவார். 1950 ஜூன் 3 அன்று மொரீஸ் எர்சோக், லூயி லாஷெனால் இருவரும் அந்தச் சிகரத்தில் நின்றார்கள். 8,000 மீட்டருக்கு மேற்பட்ட ஒரு சிகரத்தில் மனிதன் கால் வைத்தது அதுவே முதல் முறை. இறங்கும்போது பனி கடித்து இருவரும் கால்விரல்களையும், எர்சோக் கைவிரல்களையும் இழந்தார்கள். ஆசிரியர் தம் விரல்களை மடக்கிக் காட்டுவார், வகுப்பே அமைதியாகிவிடும். மலையேறுவது என்றால் உச்சியில் கொடி நடுவது என்றுதான் எங்களுக்குத் தெரியும். என் பேத்தியோ இரண்டு போல்ட்டுக்காக விழுந்துகொண்டிருக்கிறாள்.

அன்னபூர்ணா குழுவில் கஸ்தோன் ரெபுஃபா என்றொருவர் இருந்தார். மர்சேய் ஊர்க்காரர். நம்மவர்கள் கப்பலில் போய் இறங்கிய அதே மர்சேய். ஊருக்குப் பக்கத்தில் கலாங்க் என்ற கடலோரச் சுண்ணாம்புப் பாறைகள் உண்டு. அங்கேதான் அவர் ஏறப் பழகினார். பாரிஸ்காரர்களுக்கு ஃபோந்தேன்புளோ காடு. அங்கே வீட்டு உயரம்கூட இல்லாத மணற்பாறைகள். ஆல்ப்ஸ் போவதற்கு முன் ஞாயிற்றுக்கிழமைகளில் பழகுகிற இடம். பியேர் அலேன் என்பவர் அந்தப் பாறைகளுக்காகவே வழவழப்பான ரப்பர் அடி வைத்த காலணியைச் செய்தார். இன்று உலகமெங்கும் ஏறுகிறவர்கள் போடும் காலணி அதன் வாரிசு. இலேசான அலுமினியக் கொக்கிகளைக் கொண்டுவந்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு.

அப்போதெல்லாம் குட்டைப் பாறை பயிற்சிக்கு, பெரிய மலை பெருமைக்கு என்று கணக்கு. 1970களிலும் 80களிலும் அந்தக் கணக்கு மாறியது. தென் பிரான்சின் வெர்தோன் பள்ளத்தாக்கில் ஏறுகிறவர்கள் மேலிருந்து கயிற்றில் இறங்கி, வழுக்கலான வெற்றுச் சுவரில் முன்கூட்டியே துளை போட்டு ஆணி பதித்தார்கள். அந்த ஆணிக்கு 'ஸ்பிட்' என்று பெயர். அதைத் தயாரித்த கம்பெனியின் பெயரே அது, வினைச்சொல்லாகக்கூட ஆகிவிட்டது. விழுந்தாலும் சாகமாட்டோம் என்ற நிலை வந்ததும், முன்பு நினைத்துப் பார்க்க முடியாத கடினமான வழிகளை முயன்றார்கள். விழுந்தார்கள், மறுபடி முயன்றார்கள். இதுதான் விளையாட்டுப் பாறையேற்றம். 1982-ல் ழான்-போல் ஜான்சேன் எடுத்த ஒரு படத்தில் பத்ரிக் எத்லெஞ்சே என்ற பொன்முடி இளைஞன் கயிறே இல்லாமல் ஏறுவதைத் தொலைக்காட்சியில் பார்த்து பிரான்சே வாய் பிளந்தது. 1985-ல் இத்தாலியின் பர்தோனேக்கியாவில் பெரிய போட்டி நடந்தது. போட்டியே கூடாது என்று அதே ஆண்டு பிரெஞ்சு ஏறுநர்கள் 19 பேர் அறிக்கை விட்டார்கள். பிறகு அவர்களில் பலரே போட்டிகளில் கலந்துகொண்டார்கள். இன்று அது ஒலிம்பிக் வரை வந்துவிட்டது.

அந்த அலைதான் 1980களின் கடைசியில் ரைலேக்கு வந்தது. குளிர்காலத்தில் வெயிலும் பாறையும் தேடிய ஐரோப்பியர்கள் துளை போடும் இயந்திரத்தோடு வந்து இறங்கினார்கள். அவர்களில் பிரெஞ்சுக்காரர்களும் உண்டு. அதனால்தான் இன்றும் ரைலேயில் ஒரு வழி எவ்வளவு கடினம் என்று 6a, 7b எனப் பிரெஞ்சுக் கணக்கில் சொல்கிறார்கள். உள்ளூர் மீனவர் வீட்டுப் பையன்கள் பார்த்துப் பழகி, கொஞ்ச நாளில் வந்தவர்களுக்கே கற்றுக்கொடுக்கிற ஆசான்கள் ஆனார்கள்.

அவர்களுக்கு முன்பே இந்தப் பாறைகளில் ஏறியவர்கள் இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். எதிரே தெரிகிற பீபீ தீவுகளில், குகைகளின் கூரையில் உழவாரக் குருவிகள் எச்சிலால் கூடு கட்டும். சீனர்கள் அதைச் சூப் வைத்துக் குடிப்பார்கள், வெள்ளி விலை. அந்தக் கூட்டுக்காக மூங்கிலைக் கட்டிக் கொடியைப் பிடித்து இருட்டில் ஏறியவர்களுக்கு போல்ட்டும் இல்லை, அசுரான்சும் இல்லை.

இனி நான் சொல்லவந்த விஷயத்துக்கு வருகிறேன்.

ரைலேயில் முதலில் பதித்தவை பெரும்பாலும் எவர்சில்வர் போல்ட்டுகள். எவர்சில்வர் துருப்பிடிக்காது என்பது நம் சமையலறை நம்பிக்கை. ஐரோப்பாவின் மலைகளில் அது பல்லாண்டு தாங்கும். இங்கே சில ஆண்டுகளிலேயே, சில சமயம் அதற்கும் முன்பே, ஒருவர் எடையைத் தொங்கவிட்டதும் பட்டென்று ஒடிந்தது. வெளியே பார்த்தால் பளபளப்பு. இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சின்னப் பழுப்புப் புள்ளி, அவ்வளவுதான்.

காரணம் உப்பு. எவர்சில்வரைக் காப்பது அதன் மேலுள்ள மெல்லிய படலம். கடல் உப்பிலுள்ள குளோரைடு அதைத் துளைக்கிறது. உலோகம் ஏற்கெனவே இறுக்கத்தில் இருக்கிறது, மேலே வெப்பமும் ஈரமும். சுண்ணாம்புப் பாறையிலிருந்து கசியும் தாதுக்களும் சேர்ந்துகொள்ள, உள்ளே மயிரிழை போன்ற வெடிப்புகள் கிளை விட்டு ஓடுகின்றன. மழை விழாத விஷயம் என்றேனே, அது இங்கேதான். திறந்த பாறையில் மழை உப்பைக் கழுவிவிடும். குடை போலச் சாய்ந்த பாறையின் கீழ் கழுவுவார் யாருமில்லை. உப்பு வருஷக்கணக்கில் சேர்கிறது. எந்த இடம் ஏறுவதற்கு மிக அழகோ, அந்த இடத்தில்தான் ஆபத்தும் அதிகம்.

இதை என் பேத்தியின் தோழி விளக்கியபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பேத்தியை நினைத்து மட்டும் இல்லை.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்று. 1980களில் நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் கட்டடங்களின் வருடாந்திரப் பதிவேடு என் பொறுப்பு. கடலுக்கு அருகே ஒரு கட்டடம், முதல் மாடியில் இரும்புக் கைப்பிடி. நேரில் போய்ப் பார்த்து 'நிலை' என்ற பத்தியில் எழுத வேண்டும். புதிதாகப் பச்சை பெயின்ட் அடித்திருந்தார்கள், தெருவிலிருந்தே தெரிந்தது. நான் மாடி ஏறவில்லை. முந்தின வருடம் எழுதியிருந்ததையே பார்த்து 'நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதினேன். சில மாதம் கழித்து ஒரு நாள், இரவுக் காவல்காரர் பீடி பற்றவைக்க அதில் சாய்ந்தார். குழாய் ஒடிந்து கீழே விழுந்தார். பெயின்ட்டுக்குள் இருந்தது இரும்பு இல்லை, சிவப்புத் தூள். உயிர் பிழைத்தார், ஆனால் கடைசிவரை ஒரு காலை இழுத்துத்தான் நடந்தார். விசாரணை வந்தது, போனது. என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தெருவில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவர் "வணக்கம் சார்" என்பார். அந்த வணக்கத்துக்குப் பதில் சொல்ல எனக்கு நாக்கு எழாது.

சரி, ரைலேக்குத் திரும்புவோம். ஏறுகிறவர்கள் என்ன செய்தார்கள்? வேறு உலோகம் தேடினார்கள். கரீபியன் கடலில் கேமன் பிராக் என்ற தீவிலும் இதே தொல்லை இருந்தது. விடை டைட்டானியம். கடல் உப்பு அதை இப்படித் தின்பதில்லை. ஆனால் விலை பல மடங்கு. பாறையில் ஆழமாகத் துளை போட்டு, தூசியைத் துலக்கி ஊதி எடுத்து, பசை நிரப்பி, போல்ட்டைச் செருகி, பசை இறுகும்வரை காத்திருக்க வேண்டும். சாய்ந்த பாறையில் கயிற்றில் தொங்கியபடி இத்தனையும் செய்ய வேண்டும். ஒரு வழிக்கு ஏழெட்டு போல்ட்டு, ரைலே பகுதியில் நூற்றுக்கணக்கான வழிகள். சுமார் 2000-ஆம் ஆண்டிலிருந்து இந்த வேலை நடக்கிறது. சம்பளம் இல்லை. நன்கொடை திரட்டி, உள்ளூர்க்காரரும் வெளிநாட்டவரும் தாங்களாகவே செய்கிறார்கள்.

மூன்றாம் நாள் காலை அதைக் கண்ணால் பார்த்தேன். ஓர் உள்ளூர் இளைஞரும் நரைத்த ஐரோப்பியர் ஒருவரும், யாரும் ஏறாத நேரத்தில் ஒரு பழைய வழியைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். இறங்கி வந்தபின், கழற்றிய போல்ட்டு ஒன்றை ஐரோப்பியர் என் கையில் வைத்தார். நம் வீட்டு டம்ளர் மாதிரி மின்னியது. கல்லில் வைத்துச் சுத்தியலால் இலேசாகத் தட்டினார். பிஸ்கட் மாதிரி இரண்டாகியது. நினைவுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று சைகை காட்டினார். பெயர் கேட்டேன், சிரித்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

என் பேத்தியிடம், "உன்னைத் தாங்கின போல்ட்ட யார் போட்டது?" என்று கேட்டேன்.

"தெரியாது தாத்தா. ஆனா என்ன உலோகம்னு பார்த்துட்டுதான் ஏறுவேன். டைட்டானியம் மங்கலா சாம்பல் நிறத்துல இருக்கும். மின்னுச்சுன்னா சந்தேகப்படணும்."

திரும்புவதற்கு முந்தின நாள் கிராபிக்குத் தெற்கே குளோங் தோம் என்ற ஊருக்குப் போனோம். அங்கே ஒரு புத்தக் கோயிலை ஒட்டி சின்ன அருங்காட்சியகம். பக்கத்தில் மணி மேடு என்று பொருள்படும் பெயர் கொண்ட இடத்தில் கிடைத்த பழைய கண்ணாடி மணிகள், கல் மணிகள். பார்த்ததும் நம் அரிக்கமேட்டு ஞாபகம்தான் வந்தது. சிறுவயதில் மழைக்குப் பின் அங்கே போய் மணி பொறுக்காத புதுச்சேரிப் பையன் உண்டா? இரண்டு இடத்து மணிகளுக்கும் உறவு உண்டு என்று ஆய்வாளர்களும் சொல்கிறார்கள். அங்கே கிடைத்த பொருள்களில் விரல் நீளத்தில் ஒரு கருங்கல் துண்டு. ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முந்தைய தமிழ் பிராமி எழுத்தில் 'பெரும்பதன் கல்' என்று பொறித்திருக்கிறது. பொற்கொல்லர் தங்கத்தை உரசிப் பார்க்கும் உரைகல். நம் பக்கத்திலிருந்து கடல் கடந்து போன யாரோ ஒரு பெரும்பதன், பளபளப்பை நம்பாமல் உரசிப் பார்த்துத்தான் விலை சொல்லியிருக்கிறார். நான் உரசிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவன். அந்தக் கல்லைப் பற்றி எதுவும் பேசாமல் வெளியே வந்தேன். என் மனைவி, "என்னங்க, வெயில் ஒத்துக்கலையா?" என்றாள்.

அன்று மாலை கடல் வற்றிய நேரம் என் பேத்தி மறுபடி ஏறினாள். ஐந்தாவது போல்ட்டுக்கு மேல் ஒரு விழுதுக்குப் பின்னால் முழங்காலைச் செருகி, கையை ஒவ்வொன்றாக உதறி ஆறவைத்தாள். பிறகு குதிகாலைத் தலை உயரத்துக்குத் தூக்கி மாட்டி, எட்டிப் பிடித்தாள். உச்சியில் கயிற்றை மாட்டிவிட்டுக் கீழே பார்த்துக் கை அசைத்தாள். கொடி இல்லை, பனி இல்லை. இரண்டு மங்கலான சாம்பல் நிறப் போல்ட்டுகள்தான். அன்னபூர்ணா கதை கேட்ட பையன் அளவுக்கு நான் கை தட்டினேன்.

2022 மார்ச்சில் நம் பழைய துறைமுகப் பாலம் ஒரு பகுதி இடிந்து கடலில் விழுந்தபோது நீங்களும் போய்ப் பார்த்திருப்பீர்கள். 1866-ல் கட்டியதை 1952 புயல் கொண்டுபோனது, 1962-ல் கட்டியதை அலை கொண்டுபோனது. கடற்கரையில் நின்று எல்லோரும் அலையைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு என் பழைய பதிவேட்டின் 'நிலை' என்ற பத்திதான் கண்முன் வந்தது.

நண்பரின் கேள்விக்குப் பதில்: ஆமாம், இன்னும் ஏறுகிறாள். படம் அனுப்புவாள். எத்தனை மீட்டர் என்று நான் கேட்பதில்லை. "போல்ட்டு என்ன நிறம்?" என்று மட்டும் கேட்பேன். "மங்கல்தான் தாத்தா" என்று பதில் வரும்.

ரைலேயில் கொடுத்த அந்த இரண்டு துண்டுகளும் என் மேசையில் இருக்கின்றன. மின்விசிறிக் காற்றில் ஓய்வூதியக் காகிதங்கள் பறக்காமல் இருக்க ஒன்றை வைத்திருக்கிறேன். இன்னும் பளபளப்பாகத்தான் இருக்கிறது. காவல்காரர் காலமாகிப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. அவர் மகன் நம் பக்கம்தான் ஆட்டோ ஓட்டுகிறார். இதை எழுதி முடித்ததும் அவரைப் போய்ப் பார்த்து, அந்தப் பதிவேட்டை எழுதியவன் நான்தான் என்று சொல்லலாம் என்றிருக்கிறேன்.